அறிக்கையில் பதினொன்றரை

எங்கள் சிறையில் படிக்கட்டில் விழாத கைதி அபூர்வம். உடைந்த மூக்கு, கழன்ற தோள், கிழிந்த காது, எல்லாம் அந்தப் படிக்கட்டின் கைங்கரியம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அறிக்கையில் 'படிக்கட்டில் தவறி விழுந்தார்' என்ற வரியை அச்சடித்தே வைத்திருக்கலாம், எழுதுகிற கைக்காவது ஓய்வு கிடைத்திருக்கும். அந்தப் படிக்கட்டில் மொத்தமே ஐந்து படிகள்தான்.

நான் அங்கே வார்டர். பதினாறு வருட சர்வீஸ். நானும் பல பேரை அந்தப் படிக்கட்டில் விழ வைத்தவன்தான். இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை, இன்றைக்கு இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன், அப்புறம் திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

நாடகம் என்று ஒருவன் எங்களிடம் இருந்தான். திருட்டுக் கேஸ், ஆறு வருடம். அவன் சொந்தப் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. வந்த முதல் மாதமே சோப்பைக் கடித்து வாயில் நுரை தள்ளி, வலிப்பு வந்ததாக உருண்டான். இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுகமாகப் படுத்திருந்துவிட்டு வந்தான். அடுத்து நெஞ்சு வலி. அதற்கடுத்து கண் தெரியவில்லை. டாக்டர் கையில் ஊசியை எடுத்ததும் கண் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நாடகம் ஆனான். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், அவன் இருக்கும் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சிரிப்புதான் அன்று வினையாகிப் போனது. காலை எண்ணிக்கைக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அவன் அறைச் சுவரில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒரு செங்கல் ஆடியது. எடுத்துப் பார்த்தால் உள்ளே சின்னதாக ஒரு செல்போன். தலைமை வார்டர் அதைத் தூக்கிக் காட்டி, "யாருதுடா இது?" என்றார்.

"சூப்பிரண்டு சாரோடது சார். மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு" என்றான் நாடகம்.

நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள். தலைமை வார்டருக்குக் காது மடல்கள் சிவந்தன. அவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இந்த வேலைக்கு எனக்கு வழிகாட்டியதே அவர்தான். வீட்டில் அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன், சிறையிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

மற்றவர்களை உள்ளே அடைத்துவிட்டு, நாடகத்தை மட்டும் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிப்பதற்கு முன்னால் தலைமேல் கம்பளியைப் போட்டுவிடுவோம். அடித்தது யார் என்று தெரியாவிட்டால் நாளைக்கு யார் மேலும் கை காட்ட முடியாது. மச்சான் அவனைத் தரையில் தள்ளி, கம்பளியைப் போட்டு, தொடையில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டு உள்ளங்காலில் ஆரம்பித்தார். பிறகு தொடை. பிறகு இடுப்பு. கம்பளிக்குள்ளிருந்து வரும் சத்தம் ஒரு மாதிரி அமுங்கி வரும், கேட்டுப் பழகிவிட்டால் ஒன்றும் செய்யாது. மச்சானுக்கு மூச்சு வாங்கியது. தடியை என்னிடம் நீட்டினார். "இந்தா, நீ பாரு" என்றார்.

இரண்டு அடி போட்டுவிட்டு நிறுத்துவதாகத்தான் எனக்கு உத்தேசம். முதல் அடி விழுந்ததும் கம்பளிக்குள்ளிருந்து அவன், "யாரு இது, புது ஆளா? கை லேசா இருக்கே" என்றான்.

அந்த நிலைமையிலும் அவன் வாய் ஓயவில்லை. மச்சான் லேசாகச் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம், அது என் வீட்டுப் பாத்திரங்களுக்கே தெரியும். அவன் இடது காலைப் பூட்ஸால் மிதித்துக்கொண்டு வலது காலில் போட்டேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. ஒரு அடியில் தடி நின்ற விதம் மாறியது. வழக்கமாகக் கையைத் திருப்பித் தள்ளும் எலும்பு, அந்த முறை தள்ளவில்லை, உள்ளே இறங்கியது. பிறகு அவன் கத்தியது வேறு மாதிரி இருந்தது. அந்தக் கால் முறிந்தது என் அடியில்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது மணி ஆறரை.

எட்டு மணிக்கு சூப்பிரண்டு சுற்றி வருவார். அந்த நேரத்தில் ஒருவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஆயிரம் கேள்வி வரும். பதினொன்றரைக்குக் கைதிகள் சாப்பாட்டுக்கு இறங்கிப் போவார்கள், படிக்கட்டில் கூட்டம் நெரியும். அப்போது விழுந்தால்தான் விழுந்த மாதிரி இருக்கும். மச்சான் நிதானமாக உட்கார்ந்து காலை ஏழு மணிக்கே அறிக்கையை எழுதி முத்திரை குத்தினார். 'முற்பகல் பதினொன்றரை மணியளவில் படிக்கட்டில் தவறி விழுந்தார்.' விழுவதற்கு நாலரை மணி நேரம் முன்னாலேயே விழுந்துவிட்ட ஆளைக் கடைசி அறையில் போட்டுப் பூட்டினோம்.

ஒன்பது மணிக்கு நான் போய் எட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே கால் பருத்திருந்தது. முகமெல்லாம் வியர்வை. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். "சார், உள்ள எதோ இறுக்குது சார். கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்கு" என்றான். நான் அவன் சோப்பு நுரையைப் பார்த்தவன். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் அவனுக்குக் காவலாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான்தான். மச்சான் திட்டம் போட்டு அனுப்பினார். நம்ம ஆள் பக்கத்தில் இருந்தால் கண்டபடி உளற மாட்டான் என்று கணக்கு. படம் எடுத்துப் பார்த்தார்கள், காலின் பெரிய எலும்பு முறிந்திருந்தது, தோல் கிழியவில்லை. பின்பக்கம் மாவுப் பட்டை வைத்து மேலே துணி சுற்றிக் கட்டினார்கள். எலும்பு வார்டின் கோடியில் கைதிகளுக்கென்று ஒரு சின்ன அறை. ஒரே கட்டில், ஒரு ஸ்டூல், எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அவன் இடது கையைக் கட்டில் கம்பியோடு விலங்கு போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். தூங்கி இரண்டு நாள் ஆன கண்கள். "எத்தனை மணிக்கு விழுந்தீங்க?" என்று அவனிடமே கேட்டார்.

"காலைல. ஆறரைக்கு" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

"மதியம் டாக்டர். பேப்பர்ல இருக்கு பாருங்க. இவன் எத வேணா சொல்லுவான்" என்றேன்.

அவர் பேப்பரைப் பார்த்தார். பேப்பரில் முத்திரை இருந்தது, அவனிடம் என்ன இருந்தது? குனிந்து அவன் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். "நாடி நல்லாத்தான் இருக்கு. ஆனா வீக்கம் எனக்குப் பிடிக்கல" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இதக் கவனமா கேளுங்க. கால் சதையைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அது விரிஞ்சு கொடுக்காது. உள்ள சதை வீங்க வீங்க, வெளிய போக வழியில்லாம நரம்பையும் ரத்தக் குழாயையும் அதுவே நசுக்கும். அப்படி ஆச்சுன்னா உறையை அறுத்துத் திறந்து விடணும். ஆறு மணி நேரத்துக்குள்ள செஞ்சா கால் தப்பிக்கும். பதினொன்றரைக்கு அடிபட்டதுன்னா அஞ்சரை வரைக்கும் நமக்கு டைம் இருக்கு. பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார், முடிச்சிட்டு வந்து பார்ப்பார். அதுக்குள்ள வலி ஏறிக்கிட்டே போனாலோ, விரல் மரத்துப் போனாலோ உடனே என்னக் கூப்பிடுங்க."

தலையை ஆட்டினேன். அப்போது மணி ஒன்றரை. உண்மையில் ஏழு மணி நேரம் ஓடிவிட்டது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் சொல்லியும் எடுபடவில்லை, இன்னொருவன் ஸ்டூலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டு மணிக்கு அலற ஆரம்பித்தான். நர்ஸ் வந்து ஊசி போட்டார். அரை மணி நேரம் அடங்கினான், மறுபடியும் அலறல். விலங்கு கட்டில் கம்பியில் மோதி மோதி மணிக்கட்டில் தோல் உரிந்தது. பக்கத்து வார்டு நோயாளிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். நர்ஸ் மறுபடி வந்து, "என்ன சார், ஊசி போட்டும் இந்தக் கத்து கத்தறாரு? டாக்டர வரச் சொல்லவா?" என்றார்.

"சிஸ்டர், இவன் பேரே நாடகம்" என்று ஆரம்பித்தேன். சோப்புக் கதையைச் சொன்னேன், கண் தெரிந்த கதையைச் சொன்னேன். நான் கதை சொன்னால் நன்றாகவே இருக்கும். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "பாவம், கீழ பஸ் ஆக்சிடென்ட் கேஸ் வேற வந்திருக்கு, டாக்டர் அங்கதான் அல்லாடறாங்க" என்று சொல்லிப் போய்விட்டார். வரவிருந்த டாக்டரைத் தடுத்தது என் வாய்தான்.

மூன்றேகால் தாண்டியும் அவன் நிறுத்தவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. நடிக்கிறவனைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. கத்துகிற இடத்தைத் தொடவே கூடாது. அவன் எதிர்பார்க்காத இடத்தில், அவன் பார்க்காத நேரத்தில் சுருக்கென்று ஒன்று கொடுக்கவேண்டும். நடிகனுக்கு வசனம் குழம்பிவிடும். இடுப்பிலிருந்து விலங்குச் சாவியை எடுத்தேன்.

முதலில் கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டை விரலைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக வளைத்தேன். அவன் போட்ட சத்தத்தில் விரலை விட்டுவிட்டேன். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் என் பக்கம் இல்லை. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இருக்கும் தோலில் சாவியின் முனையை வைத்து அழுத்தினேன்.

ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினேன். தோல் வெளுத்தது. இன்னும் அழுத்தித் திருகினேன். தோல் கிழிந்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவன் காலில் ஒரு துடிப்புகூட இல்லை.

"சார், விரல விட்டுட்டீங்களா?" என்று கேட்டான்.

நடிக்கிறவன் அந்த இடத்தில் ஊரைக் கூட்டியிருப்பான். இவனுக்கு நான் குத்தியதே தெரியவில்லை. குனிந்து பாதத்தைத் தொட்டேன். நடுவிரலிலும் கிள்ளிப் பார்த்தேன். அவன் கடிகாரத்திலிருந்து பார்வையை எடுத்து என் முகத்தைப் பார்த்தான். நான் சாவியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனேன். மணி மூன்று இருபது.

நேராக மாடியிறங்கி டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் தாழ்வாரத்தில் நின்று மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், அவனுக்குக் கால் மரத்துப் போச்சு. நெஜமாவே போச்சு. சாவியால குத்திப் பார்த்தேன். டாக்டர்கிட்ட நேரத்த மாத்திச் சொல்லலேன்னா கால் போயிடும்."

"போகட்டும். கால் போனா அது படிக்கட்டு. நேரம் மாறினா அது நம்ம கழுத்து."

"மச்சான், ஒடைச்சது நான்."

"அதான் சொல்றேன் மாப்ள, மூடிட்டு இரு. ரெண்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சு போகும். அஞ்சரை வரைக்கும் டைம் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்ல? அப்புறம் என்ன அவசரம்?"

அங்கேதான் நான் சறுக்கினேன். அந்த வார்த்தை அவ்வளவு வசதியாக இருந்தது. டாக்டரே சொல்லிவிட்டார், அஞ்சரை வரைக்கும் நேரம் இருக்கிறது. நாங்களே எழுதிய பொய்யை நானே நம்பப் பார்த்தேன். கீழே போய் ஒரு டீ குடித்தேன். ஒரு சிகரெட் பிடித்தேன், பாதியில் அணைத்துவிட்டு இன்னொன்று பற்றவைத்தேன். குழாயடியில் முகம் கழுவினேன். என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்புக் கயிறு அறுந்துபோய் ஒரு மாதமாக இடது பூட்ஸில் பழுப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன், அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். எப்படியெல்லாம் நேரத்தைக் கொல்ல முடியுமோ அப்படியெல்லாம் கொன்றேன்.

திரும்பி வந்தபோது தாழ்வாரத்தில் சத்தமே இல்லை. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். உள்ளே போனால் அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். முகம் சாந்தமாக இருந்தது.

"வலி நின்னுடுச்சு சார்" என்றான். "பாதம் இருக்கற எடமே தெரியல."

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து. அந்த அலறலை நிறுத்தச் சொல்லி மனதுக்குள் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன், அது நின்றதும் என் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு ஓடினேன். விலங்கு, காவல், அறிக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாடிப்படியில் விழுந்தடித்து ஓடினேன்.

டாக்டர் கீழே யாருடைய தலைக்கோ தையல் போட்டுக்கொண்டிருந்தார். "ஆறரை" என்றேன்.

"என்ன ஆறரை?"

"அவன் கால். பதினொன்றரை இல்ல. காலை ஆறரை. அவன் சொன்னதுதான் நெஜம். விழவும் இல்ல, தடியால அடிச்சது."

அவர் ஊசியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே விரல் மடக்கி எண்ணினார். "ஒம்பதே முக்கால் மணி நேரம்" என்றார். மாடியேறிக்கொண்டே கேட்டார். "விரல் எப்பத்திலேர்ந்து மரத்திருக்கு?"

"இப்பத்தான் பார்த்தேன்" என்றேன்.

கத்தரியால் கட்டைக் கிழித்து மாவுப் பட்டையைத் தரையில் வீசினார். உள்ளே இருந்தது கால் மாதிரியே இல்லை. தோல் விண்ணென்று இழுத்துப் பளபளத்தது, தொட்டால் மேசைப் பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. "விலங்கக் கழட்டுங்க" என்றார். ரத்தம் துடைத்த அதே சாவியால்தான் கழற்றினேன்.

கைதியை எங்கே கொண்டுபோனாலும் காவலர் கூட இருக்க வேண்டும் என்று சட்டம். எனக்கும் பச்சை அங்கி மாட்டித் தியேட்டரில் மூலையில் நிறுத்தினார்கள். நான் ரத்தம் பார்க்காதவன் இல்லை. ஆனால் ஒரு மனிதனைக் காப்பாற்றுவதற்காக அவ்வளவு வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரிய டாக்டர் முழங்காலுக்குக் கீழே கத்தியை வைத்துக் கணுக்கால் வரை வெளிப்பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்தார். தோல் பிளந்தது. அடியில் வெள்ளையாக ஒரு உறை. அதைக் கிழித்ததும் சதை அடைத்து வைத்திருந்த மூட்டை அவிழ்ந்ததுபோல வெளியே பிதுங்கி எழுந்தது. உட்பக்கமும் அதே நீளத்துக்கு இன்னொரு வெட்டு. கால் இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தரையில் சொட்டிய ரத்தம் என் பூட்ஸ் வரை வந்தது.

பிறகு சதையை இடுக்கியால் ஒவ்வொரு இடமாகக் கிள்ளிப் பார்த்தார்கள். சில இடத்தில் சிவப்பாக இருந்த சதை கிள்ளியதும் வெடுக்கென்று துள்ளியது. "இது துடிக்குது" என்பார் பெரிய டாக்டர். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிள்ளுவார். "இதும் துடிக்குது." முன்பக்கம் வந்தார். அங்கே சதை பழுத்த இலை நிறத்தில் இருந்தது. கிள்ளினார், அசையவில்லை. இன்னொரு இடம். "துடிக்கல." இன்னொன்று. "துடிக்கல." துடிக்காததை வெட்டி எடுத்துத் தட்டில் போட்டார். எல்லாச் சதையையும் இல்லை, ஆனாலும் தட்டு நிறைந்தது.

"பாதத்தத் தூக்கற சதை, அதுக்குப் போற நரம்பு, ரெண்டும் போச்சு" என்று அந்தப் பெண் டாக்டரிடம் சொன்னார். "கால் நிக்கும். பாதம் தொங்கிடும். ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இதுல பாதியாவது கெடைச்சிருக்கும்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் என்றார். என்னிடம் ஐம்பது நிமிடம் இருந்தது. அதை டீயாகக் குடித்திருந்தேன்.

சாயங்காலம் மச்சான் வந்தார். அவருக்குச் செய்தி எட்டிவிட்டது. வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், முகத்தில் குத்தினார். விழுந்தேன். வயிற்றில் உதைத்தார். கையை மிதித்தார். "உனக்குச் சோறு போட்டு வளர்த்தேன் பாரு" என்று சொல்லிச் சொல்லி உதைத்தார். நான் திருப்பி அடிக்கவில்லை. நல்லவனாக மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு பல் போனது, உதடு கிழிந்தது. தையல் போட்ட அதே நர்ஸ், "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டபோது பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"படிக்கட்டுல விழுந்துட்டேன்."

அந்த அம்மா இந்த முறை சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. நாடகத்தைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். தொடையிலிருந்து தோலெடுத்துக் காலில் ஒட்டியிருந்தார்கள். விசாரணை அதிகாரி அடித்தது யாரென்று கேட்டார். நாடகம் மச்சானைக் காட்டினான். "குரல் கேட்டுதுங்க" என்றான்.

"இவனும்தான் அடிச்சான். கால ஒடைச்சதே இவன்தான்" என்று மச்சான் என்னைக் காட்டினார்.

அதிகாரி நாடகத்தைப் பார்த்தார். நாடகம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இவர் அடிக்கலங்க" என்றான். "இவர் ஓடிப் போய்ச் சொன்னதாலதான் எனக்குக் காலே இருக்கு."

மச்சானுக்கு வேலை போனது, கேஸும் நடக்கிறது. என் மனைவி என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், தட்டு வைக்கிற சத்தத்தில் அவள் சொல்லவேண்டியது எல்லாம் வந்துவிடுகிறது. ஆனாலும் தலை தப்பியதே என்று இருந்தேன். இன்னும் கேவலமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் காப்பாற்றிய கால் என்று எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றி உள்ள பயல் என்று அவனைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஆறு மாதத்தில் அவன் திரும்பி வந்தான். வலது பாதம் கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கியது. நடக்கும்போது அது தரையில் உரசாமலிருக்க முழங்காலை உயரத் தூக்குவான், இல்லாத படியில் ஏறுகிறவன் மாதிரி. கீழே வைக்கும்போது பாதம் முழுசாகத் தரையில் அறையும். டப். அடுத்த அடி சத்தமிருக்காது. மறுபடி டப். எங்கள் தாழ்வாரம் நீளமானது, கல் தரை. காலை எண்ணிக்கைக்கு நாற்பது பேர் கடந்து போவார்கள், காதில் எதுவும் நிற்காது. கடைசியில் அவன் வருவான். எனக்குச் சோறு இறங்காமல் போனது, காது அடைத்துக்கொண்டாலும் கேட்டது.

அவனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருந்தார்கள். காலில் மாட்டிச் செருப்புக்குள் விட்டால் பாதம் தொங்காது, சத்தமும் வராது. அது அவன் அறையில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். எண்ணிக்கை முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவனை நிறுத்தினேன்.

"அந்தப் பட்டைய ஏன் மாட்டறதில்ல? மாட்டினா நடக்கச் சுலபமா இருக்குமே."

"மாட்டறேனே சார். சாப்பிடப் போக, குளிக்கப் போக, எல்லாத்துக்கும் மாட்டுவேன். உங்க டூட்டி அன்னிக்கு மட்டும் கழட்டி வச்சிடுவேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தான்.

"கம்பளி மூஞ்சியத்தான் சார் மூடும். கீழ தரை தெரியும். ஒரு காலுக்கு மட்டும் பழுப்புக் கயிறு, இந்த ஜெயில்ல வேற யாரு கட்டறா?"

"அப்ப விசாரணைல ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா உங்களயும் வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் உங்கள நான் எங்க போய்த் தேடறது?" குரலில் கோபமே இல்லை. எண்ணிக்கையில் நின்று நம்பர் சொல்கிறவன் மாதிரிதான் சொன்னான். "அடிச்சதுக்காக இல்ல சார். அடி இங்க எல்லாரும் அடிக்கறதுதான், நானும் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். சாவியால குத்தினீங்களே, எனக்கு அது தெரியல. ஆனா உங்க மூஞ்சி தெரிஞ்சுது. கால் போகுதுன்னு அப்பவே உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. மூணு இருபதுக்கு வெளிய போனீங்க. டாக்டரக் கூட்டிட்டு வரத்தான் போறீங்கன்னு நெனச்சேன். கடிகாரம் எதிர்லயே இருந்துது. நாலு பத்து வரைக்கும் ஒவ்வொரு நிமிஷமா எண்ணிக்கிட்டு இருந்தேன்."

நான் குனிந்து அந்தப் பழுப்புக் கயிற்றைப் பார்த்தேன்.

"எனக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கு" என்றான். "நீங்க மாத்தல் கீத்தல் கேட்டுட்டுப் போயிடாதீங்க சார். போனா, அந்த அதிகாரிகிட்ட எனக்கு இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துடும்."

கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரை நான் கேட்டுக்கொண்டே நின்றேன். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு எனக்கு டூட்டி இருந்தது, போனேன்.